பயத்தில் திரும்பியவனின் பக்தி பக்தியாகுமா?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நான்கு மாதமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்களுடையது பண்ருட்டிப் பக்கத்துச் சைவக் குடும்பம். அப்பா காலையில் குளித்துவிட்டு ஒரு பதிகமாவது முழுவதும் ஓதாமல் காப்பியைத் தொடமாட்டார். எனக்குப் 11 வயதில், சைவத்தில் முதல்படியான சமய தீட்சை செய்துவைத்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எல்லாவற்றையும் விட்டேன். சும்மா விடவில்லை, அவர் கண்முன்னால் விட்டேன். ஒரு பொங்கல் விடுமுறையில் அவர் நீட்டிய திருநீற்றுச் சம்புடத்தைப் புறங்கையால் தள்ளினேன். அது கவிழ்ந்து சிவப்புச் சிமெண்டுத் தரையெல்லாம் நீறு கொட்டியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து உட்கார்ந்து உள்ளங்கை ஓரத்தால் கூட்டிக் கூட்டி அள்ளினார். அள்ள முடியாததை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, யார் காலிலும் படக்கூடாது என்று அந்தத் துணியை மல்லிகைச் செடியின் அடியில் அலசி ஊற்றினார். அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போய் 14 ஆண்டுகள் ஆகின்றன. வெறும் நெற்றியோடுதான் கொள்ளி வைத்தேன்.

சென்ற தை மாதம் என் மகளுக்குக் குடல்வால் வெடித்து, நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நின்றிருந்தேன். என் வாய் அப்பா ஓதும் நாவுக்கரசரின் 'கூற்றாயினவாறு' பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. 27 ஆண்டுகளாக ஓதாத பதிகம். ஐந்து பாட்டும் பிழையில்லாமல் வந்தன. ஆறாம் பாட்டில் நாக்கு நின்றுவிட்டது. அந்தப் பாட்டில் 'மறந்தறியேன்' என்ற சொல் நான்கு முறை வருகிறது. மறந்தவன் அதை எப்படிச் சொல்வது?

மகள் இப்போது நலமாக இருக்கிறாள். நான் கோயிலுக்குப் போகிறேன், ஆனால் நீறு பூசக் கை எழவில்லை. கேட்க விரும்புவது இவைதான். பயத்தில் வந்த பக்திக்கு ஏதாவது மதிப்பு உண்டா? சிறுவயதில் வாங்கிய தீட்சை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா? அந்த ஆறாம் பாட்டை நான் என்ன செய்வது?

---

வேம்படி எழுதியது:

ஐயா, முதல் கேள்விக்கு உங்கள் ஊரே பதில் சொல்லிவிட்டதே. நாவுக்கரசர் திரும்பியதும் வயிற்றுவலியால்தானே? சூலை என்ற அந்த வலி வராமலிருந்தால் அவர் தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாகவே இருந்திருப்பார். வலியால் வந்தவரை நால்வரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். புண்படுத்த வரவில்லை. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன், அந்தத் தரையில் கொட்டிய நீறு என்னையும் என்னவோ செய்தது.

ஆனாலும் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். 19 வயதில் நீங்கள் விட்டதற்குக் காரணங்கள் இருந்திருக்கும். அவை தவறு என்று இன்று தெரிந்துவிட்டதா? மகள் பிழைத்தது அந்தக் காரணங்களுக்கு விடையாகுமா? அறுவை அரங்கின் வாசலில் எந்த மனிதனும் உடைந்துதான் போவான். உடைந்த நேரத்தில் எடுத்த முடிவை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

---

கெடிலக்கரை எழுதியது:

நேர்மையான கேள்வி. நன்றி.

காரணங்கள் இருந்தன. எங்கள் தெருவைத் தாண்டி வசித்த என் வகுப்புத் தோழனை ஒரு திருவிழாவில் தேர் வடம் தொடவிடாமல் விரட்டினார்கள். விரட்டியவர்களின் நெற்றியிலும் நீறு இருந்தது. அப்பா விரட்டவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அந்தக் காரணம் தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இன்னும் குழப்பம். கோபத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமா?

---

பண்முறை எழுதியது:

தம்பி, நான் ஓதுவார் குடும்பத்தில் பிறந்தவன், வயது 70-ஐத் தாண்டிவிட்டது. இதை மூன்று நாளாக மனத்தில் வைத்துக்கொண்டு இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். கொஞ்சம் நீளும்.

வேம்படி சொன்னது உண்மைதான். ஆனால் கதையை வயிற்றுவலியில் தொடங்கினால் பாதி போய்விடும். சேக்கிழார் அதற்கு வெகுமுன்னால் தொடங்குகிறார். திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பிள்ளை, அவர்தான் பின்னாளில் நாவுக்கரசர். தந்தை புகழனார், தாய் மாதினியார், தமக்கை திலகவதியார். தந்தை போகிறார், பின்னாலேயே தாயும் போகிறார். தமக்கைக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மடிகிறார். உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி தனித்துப்போவானே என்று உயிர் தாங்குகிறார். அந்தத் தம்பி வளர்ந்து, நிலையாமையை நினைத்து நினைத்து, தண்ணீர்ப் பந்தல் வைத்து, சோலை வளர்த்து, குளம் வெட்டி, அப்போதும் மனம் ஆறாமல் மெய்ப்பொருள் எது என்று தேடிக்கொண்டு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போகிறார். அதுதான் இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். அவர் போனது கேள்வி கேட்டுக்கொண்டு. உங்களுக்கு வடம் பிடிக்க முடியாத தோழன், அவருக்கு அடுத்தடுத்து விழுந்த சாவுகள். விட்டுப்போவதெல்லாம் துரோகம் என்று சேக்கிழாரே எழுதவில்லை.

அடுத்து, திலகவதியார் என்ன செய்தார் என்று பாருங்கள். தம்பியைத் தேடிப் போகவில்லை, வாதிடவில்லை, தூற்றவில்லை. உங்கள் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானத்தில் ஒரு மடம் அமைத்துக்கொண்டு தினமும் விடியுமுன் கோயிலைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். கூடவே ஒரே ஒரு விண்ணப்பம், தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று. எத்தனை ஆண்டு என்று கணக்கில்லை. சூலை தாங்காமல் தம்பி ஆள் அனுப்பியபோதும் 'நான் அங்கே வரமாட்டேன்' என்றுதான் சொல்லி அனுப்பினார். அந்தப் பதில் எனக்குச் சிறுவயதில் கல்நெஞ்சமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. திரும்புகிறவன் தன் காலால் நடந்து வரவேண்டிய தொலைவு ஒன்று இருக்கிறது, அதை அவனுக்காக யாரும் நடக்க முடியாது.

நடந்தார். பாயை விட்டார், உறியில் தொங்கிய கமண்டலத்தை விட்டார், மயிற்பீலியை விட்டார். வெள்ளைத் துணியைப் போர்த்துக்கொண்டு இரவோடிரவாக வந்து தமக்கை காலில் விழுந்தார். தமக்கை நீறு கொடுத்தார். பள்ளியெழுச்சி வேளையில் துடைப்பமும் மெழுக்குச் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே தம்பி பாடியதுதான் உங்கள் 'கூற்றாயினவாறு', பாடியதும் வலி தீர்ந்தது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மாளாத வலியோடு தம்பி வந்திருக்கும் அன்றைக்கும் அந்த அம்மையாருக்குக் கோயிலைக் கூட்டும் வேலை நிற்கவில்லை. பிற்காலத்தில் நாவுக்கரசர் கையில் புல் செதுக்கும் உழவாரப்படை இருப்பதைச் சிலைகளில் பார்க்கிறோமே, அது தமக்கையின் துடைப்பத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் ஆறாம் பாட்டு. 'மறந்தறியேன்' என்று எப்படிச் சொன்னார் என்று நானும் என் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். முற்பிறவியில் வாகீச முனிவராக இருந்த தவத்தைச் சொல்கிறார் என்பது மரபில் வழங்கும் விடை. அதை மதிக்கிறேன். ஆனால் எத்தனையோ ஆண்டு கொல்லிப் பண்ணில் அந்தப் பதிகத்தைப் பாடிய பிறகு எனக்கு வேறொன்று தெரிகிறது. வரிசையைப் பாருங்கள். நான்காம் பாட்டில் 'முன்னம் அடியேன் அறியாமையினான்' என்று ஒப்புக்கொள்கிறார். ஐந்தாம் பாட்டில் காப்பவருடைய காவலை இகழ்ந்ததால் ஆழ்ந்த நீரில் தள்ளப்பட்டேன், நிலைகொள்ளும் துறை ஒன்றும் தெரியவில்லை என்கிறார். அதற்குப் பிறகே ஆறாம் பாட்டு. இகழ்ந்தேன் என்று சொன்ன அதே வாய் அடுத்த மூச்சில் மறந்தறியேன் என்கிறது. இரண்டும் உண்மை. உங்களுக்கு ஐந்து பாட்டு பிழையில்லாமல் வந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, 27 ஆண்டு மறந்தவனுக்கு அது எப்படி வந்தது?

கோபத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

---

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

ஓதுவார் ஐயாவின் பதிவுக்கு ஓர் இணைப்பு. நாவுக்கரசரைத் துன்புறுத்திப் பின் தானும் சைவனான பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது பெரும்பாலோர் கருத்து. திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரையில் அவனுடைய வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. குணபரன் (அது அவனுடைய பட்டப்பெயர்) என்ற அரசன் இந்த இலிங்கத்தால், மாறுபட்ட ஒழுக்கத்திலிருந்து திரும்பிய ஞானம் உலகில் நெடுங்காலம் பரவட்டும் என்று அது சொல்கிறது. 'பராவிருத்தம்', அதாவது திரும்பியது என்ற சொல்லையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஓர் அரசன் தான் திசைமாறியதை மறைக்காமல் மலைமேல் எழுதிவைத்தது எனக்கு எப்போதும் வியப்பு.

---

வந்தவாசி நயினார் எழுதியது:

நான் தமிழ்ச் சமணன். இந்த இழையை மரியாதையோடுதான் படித்துவருகிறேன். ஒன்றிரண்டு சொல்ல அனுமதியுங்கள்.

நாவுக்கரசர் விட்டுவந்த பாடலிபுத்திரம் பெரிய கல்வி நிலையம். உலக அமைப்பைக் கணிக்கும் 'லோகவிபாகம்' என்ற நூலை சர்வநந்தி என்ற முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், அங்கே எழுதி முடித்தார் என்று கருதுகிறார்கள். சுழியை இட மதிப்போடு எண்களில் கையாண்டதற்கு மிகப் பழைய சான்றுகளில் அந்நூலும் ஒன்று. தருமசேனர் தேடிப்போனது அத்தகைய இடத்தை. பெரியபுராணம் எங்களைப் பற்றிச் சொல்லும் சொற்கள் இன்றும் எங்களுக்கு வலிக்கும். பள்ளிகளை இடித்த பொருள்களைக் கொண்டு அதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எழுப்பினான் அரசன் என்று படிக்கும்போது கூடுதலாக வலிக்கும். ஒருவர் தம் நெறிக்குத் திரும்புவது நல்லதுதான். அதற்காக இடையில் தங்கியிருந்த வீட்டை இடிக்கவேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கு என் மரபிலிருந்து ஒன்று. நாங்கள் பிரதிக்கிரமணம் செய்கிறோம். பின்னோக்கி அடியெடுத்து வைப்பது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பெரிய சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். காலையிலும் மாலையிலும் அன்றன்றைய தவறுகளை எண்ணிப் பார்த்துத் திரும்புவது. 27 ஆண்டையும் ஒரே நாளில் கடந்துவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் உங்கள் கை எழாமல் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

---

பண்முறை எழுதியது:

நயினார் ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் பாடும் பாட்டுகள் உங்கள் முன்னோரைச் சுட்டிருக்கின்றன என்பதை மறைக்கமாட்டேன்.

தம்பி, கோபத்தைப் பற்றி. திரும்பிவந்த நாவுக்கரசர் தலையாட்டும் மனிதராக வரவில்லை. 'சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்' என்று கேட்டவர் அவர். மாட்டை உரித்துத் தின்று திரியும் புலையரே ஆனாலும் சிவனிடம் அன்புடையவரானால் அவரே நான் வணங்கும் கடவுள் என்று பாடியவரும் அவர்தான். 1,300 ஆண்டுகளுக்கு முன்னால். அந்தப் பாட்டைக் கோயிலுக்குள்ளேயே பாடிக்கொண்டு வடத்துக்குப் பக்கத்தில் ஒருவனை நிற்கவிடாமல் விரட்டினார்கள் என்றால், மறந்தவர்கள் அவர்கள். உங்கள் கோபத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு உள்ளே இடம் இருக்கிறது.

வருத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். திருவாரூரில் அவர் பாடிய பழமொழிப் பதிகத்தை எடுத்துப் படியுங்கள். கனி இருக்கக் காய் கவர்ந்தேன், கரும்பிருக்க இரும்பைக் கடித்து எய்த்தேன், விளக்கிருக்க மின்மினியில் தீக்காய்ந்தேன், முயலை விட்டுக் காக்கையின் பின் போனேன் என்று பாட்டுக்குப் பாட்டு ஊர்ப் பழமொழியில் தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறார். அதிகைக்கே பாடிய ஏழைத் திருத்தாண்டகத்தில் ஒவ்வொரு பாட்டும் 'ஏழையேன் நான் பண்டு இகழ்ந்தவாறே' என்று முடிகிறது. நோய் தீர்ந்த பிறகும் அந்த வருத்தம் தீரவில்லை. பயம் சூலையோடு போயிருக்கும். சூலை போன பிறகு 81 வயதுவரை ஊர் ஊராக நடந்தாரே, கையில் உழவாரத்தோடு, அதை எந்தப் பயம் நடத்தியது?

---

ஆகமம் எழுதியது:

தீட்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுத்தது போய்விடாது. நித்திய கருமங்களை, அதாவது அன்றாடக் கடமைகளை, விட்டது குற்றம், அதற்குப் பிராயச்சித்தம் உண்டு. அகோர மந்திர செபம் அதில் முக்கியமானது. எத்தனை உரு, அதாவது எத்தனை முறை செபிப்பது, என்பதைப் புத்தகத்தைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யவேண்டாம். தீட்சை கொடுத்த ஆசாரியரோ அவர் மடத்தில் இப்போது இருப்பவரோ உங்கள் நிலையைக் கேட்டுச் சொல்வார். இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படி வருகிறவர்கள் ஏராளம்.

---

காயல்காற்று எழுதியது:

நான் முஸ்லிம். எங்களிடம் பாவமன்னிப்புக்குத் தவ்பா என்று பெயர். அரபியில் அதன் வேர்ச்சொல்லுக்கே திரும்புதல் என்றுதான் பொருள். தவற்றை விடவேண்டும், வருந்தவேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளவேண்டும். மனிதர்களுக்குச் செய்த தவறாக இருந்தால் நான்காவதாக ஒன்றும் சேரும். அந்த மனிதரிடம் அதைச் சரிசெய்யவேண்டும். அல்லாஹ்விடம் மட்டும் அழுதுவிட்டு வந்துவிட முடியாது.

அண்ணா, உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்து என் மனத்தில் நிற்பவர் நிலைப்படியில் நின்ற உங்கள் அக்கா. தந்தையார் இன்று இல்லை. அந்த நீறு கொட்டியதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தானே? அவரிடம் பேசினீர்களா?

---

கெடிலக்கரை எழுதியது:

இல்லை.

இந்தக் கேள்வி வந்து எட்டு நாள் ஆகிறது. ஒவ்வொரு நாளும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அக்கா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மகளின் அறுவை சிகிச்சைக்கு வந்து ஒரு வாரம் கூடவே இருந்தாள். நான் கோயிலுக்குப் போகத் தொடங்கியதை அவளிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரியாத பெயரில் இங்கே சொல்ல முடிகிறது, அவளிடம் முடியவில்லை.

ஆசாரியரைப் பார்க்க நாள் கேட்டிருக்கிறேன். அதற்கு முன் அக்காவிடம் போகிறேன்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

போய்வாருங்கள். என் கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை, நானும் அதை விடப்போவதில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்கு அந்த விடை தேவையில்லை என்று எனக்குத் தெரிகிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

சனிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அக்கா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அன்றைக்கு அப்பாவின் சம்புடத்தை" என்று தொடங்கி அதற்கு மேல் வரவில்லை. அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "நாளைக்கு அதிகையில் உழவாரப்பணி இருக்கிறது. ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். பழைய வேட்டி எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

காலையில் முப்பது பேர் போல வந்திருந்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் வெளிப்பிராகாரத்தில் ஒரு பகுதி. கற்களின் இடுக்கில் கோரை முளைத்திருந்தது. இழுத்தால் மேலே அறுந்து வருகிறது, கிழங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. கொத்துக்கரண்டியை இடுக்கில் சாய்த்து நுழைத்து நெம்பவேண்டும் என்று அக்கா காட்டினாள். நெருஞ்சியும் நிறைய. ஒரு மணி நேரத்தில் என் இரண்டு கட்டைவிரலும் கொப்பளித்துவிட்டன. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், எனக்கு முன்னால் இரண்டு கல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். எத்தனை ஆண்டாக வருகிறாய் என்று கேட்டேன். அப்பா போன மறு மாதத்திலிருந்து என்றாள்.

வேலை முடிந்து பதினாறு பட்டை இலிங்கத்தைத் தரிசித்துவிட்டுத் திலகவதியார் சன்னிதிக்கு வந்தோம். அங்கே நின்று இடுப்பிலிருந்து சம்புடத்தை எடுத்தாள். அதே சம்புடம். மூடியின் விளிம்பில், அன்று தரையில் பட்ட இடத்தில், நசுங்கல் அப்படியே இருந்தது. திறந்து நீட்டினாள்.

என் கையெல்லாம் மண். கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"மண்ணோடு எடு" என்றாள்.

எடுத்தேன்.

---

வேம்படி எழுதியது:

சிவசிவ. அலுவலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

---

பண்முறை எழுதியது:

தம்பி, ஆறாம் பாட்டு?

---

கெடிலக்கரை எழுதியது:

அங்கே பாடவில்லை ஐயா. திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்கா முதல் பாட்டிலிருந்து மெல்ல எடுத்தாள். நான் ஐந்துவரை கூடப் பாடினேன். ஆறாவதை அவள் பாட, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதப் பணிக்கு மகளும் வருகிறேன் என்கிறாள். கனமான வேலை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதனால் பூக்கட்ட உட்காரவைக்கலாம் என்று அக்கா சொன்னாள். நெருஞ்சிக்குத் தடித்த கையுறை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.